நான்கு நாளாகப் பூனையின் வாலைக்கூடக் காணவில்லை (வெள்ளவத்தை)

திறப்புக்காரி | 6 ஏப்ரல், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். சட்டக் கல்லூரிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். கைச்செலவுக்காக, வெளியூர் போகிறவர்களின் வீட்டுப் பிராணிகளைப் பார்த்துக்கொள்கிறேன். என் பையில் புத்தகங்களைவிட ஊரார் வீட்டுத் திறப்புகள்தான் அதிகம். இதுவரை கிடைத்தவை எல்லாம் நல்ல சீவன்கள்: நாய்கள், ஒரு கிளி, மீன்தொட்டிகள், கதவைத் திறந்ததும் காலைச் சுற்றுகிற பூனைகள். இந்த முறை வசமாக மாட்டிக்கொண்டேன்.

மரைன் டிரைவ் பக்கம் ஒரு தொடர்மாடி, ஐந்தாம் மாடி. வீட்டுக்கார அன்ரி மகளின் பிள்ளைப்பேற்றுக்காக டொரொன்டோ போயிருக்கிறார். 27ஆம் திகதிதான் திரும்புவார். பூனையின் பெயர் மாசி. நிறமும் மாசிக் கருவாட்டின் நிறம்தான். நான்கு வயதுப் பெட்டை, கருத்தடை செய்தது. ரயில் பாதையோரம் ஐந்து மாதக் குட்டியாகத் திரிந்தபோது அன்ரி பிடித்து வந்தாராம். அவரைத் தவிர வேறு எவரிடமும் போனதில்லை. ‘கொஞ்சம் கூச்சக்காரி, ஒரு நாளில் பழகிவிடுவாள்’ என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

அந்த ஒரு நாள் நான்கு நாளாகிவிட்டது. காலை 8.30க்கும் மாலை 6 மணிக்கும் போகிறேன். கட்டிலுக்குக் கீழே சுவர் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முழந்தாளிட்டு, விரிப்பை உயர்த்தி, கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், சீறுகிறது. நேற்று ஒரு மீன் துண்டை நீட்டினேன், மணிக்கட்டில் கீறிவிட்டது. கூடத்தில் கமரா வைத்திருக்கிறார்கள். அங்கே அவருக்கு இரவு 11 மணியாகும்போது இங்கே காலை 8.30. தூங்கப் போகுமுன் அதன் ஒலிபெருக்கியில் ‘மாசிக்குட்டி, அக்கா வந்திருக்கிறார், வெளியே வா’ என்று அன்ரி கூப்பிடுவார். அந்தக் குரலைக் கேட்டதும் பூனை இன்னும் ஒடுங்குகிறது.

இரவில் தட்டில் உணவு குறைகிறது. நான் இருக்கும்போது ஒரு வாய் உண்டதில்லை. இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. எங்கே பிழை விடுகிறேன்?


கொட்டாஞ்சேனைக்காரன் | 6 ஏப்ரல், இரவு 10.05

தங்கச்சி, பூனைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தால் அது உங்களை அந்த வீட்டு வேலையாளாகத்தான் நினைக்கும். கட்டிலை நகர்த்துங்கள். தடித்த துவாய் ஒன்றைப் போட்டு அமுக்கித் தூக்கி, மடியில் வைத்துப் பத்து நிமிடம் தடவுங்கள். உங்களால் தீங்கில்லை என்று தெரிந்தால் தானாக அடங்கும். எங்கள் வீட்டுக்கு வந்த பூனைகளை எல்லாம் அப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்தோம்.


மூன்றாம்_மாடி | 6 ஏப்ரல், இரவு 10.30

துவாயைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு எனக்கு மூன்று விடயங்களைச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்குப் போகுமுன் எங்கிருந்து வருகிறீர்கள்? கதவைத் திறந்ததும் செய்கிற முதல் வேலை என்ன? ஏன் ஒவ்வொரு முறையும் கட்டிலுக்குக் கீழே எட்டிப் பார்க்கிறீர்கள்? நானும் இந்த வேலையை ஆறு வருடமாகச் செய்கிறேன். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில்தான் எப்போதும் சிக்கல் இருக்கிறது.


பேராதனைப்பழசு | 6 ஏப்ரல், இரவு 11.15

நான் ஓய்வுபெற்ற மிருக வைத்தியன். படித்தது பேராதனையில், கடி வாங்கியது கொழும்பில்.

முதலில் அந்தக் கீறல், பிள்ளை. சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவினீர்களா? பூனைக்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்ட அட்டை வீட்டில் இருக்கிறதா? வீட்டுக்குள் வளர்கிற பூனைதானே என்று விட்டுவிட வேண்டாம். அரசாங்க வைத்தியசாலையில் காட்டுங்கள். தடுப்பூசி தேவை என்றால் அங்கே இலவசமாகவே போடுவார்கள். கடித்திருந்தால் இன்னும் அவசரம். பூனையின் பல் ஊசிபோல ஒடுங்கியது. வெளியே புள்ளியாகத் தெரியும், உள்ளே ஆழமாகக் கிருமியை இறக்கிவிடும். என் வலது சுட்டுவிரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது. 1990களில் ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் நின்ற கடுவனை, கொட்டாஞ்சேனைத் தம்பி சொன்ன முறையில்தான், துவாயைப் போட்டு எடுத்தேன்.

அமுக்கிப் பிடித்த பூனை அசையாமல் இருந்தால் பழகிவிட்டது என்று நினைக்கிறோம். கண்ணைப் பாருங்கள்: கண்மணி விரிந்து கண்ணே கறுப்பாக இருக்கும். காதுகள் பக்கவாட்டில் படிந்திருக்கும். தப்ப வழியில்லை என்று உடம்பு உறைந்துபோயிருக்கிறது. அடுத்த நாள் அதே ஆள் கதவைத் திறந்தால் அது எங்கே போகும்? இன்னும் ஆழமான இடத்துக்குப் போகும்.

குட்டி மனிதரோடு பழகுகிற பருவம் மிகக் குறுகியது. ஏறத்தாழ இரண்டாம் கிழமையிலிருந்து ஏழாம் கிழமை வரைக்கும்தான். அந்த நாட்களில் நாலைந்து பேரின் கைபட்டு வளர்ந்த குட்டி, பிறகு எந்த அந்நியரையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. மாசி அகப்பட்டதே ஐந்து மாதத்தில். அதற்குப் பிறகு ஒரே ஓர் ஆளைக் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்த ஆளும் இப்போது பெட்டியைக் கட்டிக்கொண்டு மறைந்துவிட்டார். இந்த நேரத்தில் அதற்கு எஞ்சியிருக்கிற ஒரே பாதுகாப்பு அந்தக் கட்டில்மூலை. அதற்குள்தான் நீங்கள் நாளுக்கு இரண்டு தடவை விளக்கடிக்கிறீர்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்று. பூனை ஒளிந்திருப்பது நோயல்ல. உண்ணாமல் இருப்பதுதான் ஆபத்து. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒன்றும் உண்ணாவிட்டால் உடம்புக் கொழுப்பு ஈரலில் வந்து படியும்; அதிலிருந்து மீட்பது கடினம். அதனால் உணவு எவ்வளவு குறைகிறது, மண்தட்டில் சிறுநீர் பட்டு இறுகிய மண்கட்டிகள் எத்தனை என்று கணக்கு வையுங்கள். கடுவன் பூனைகளைப் பார்க்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: மண்தட்டில் அடிக்கடி போய்க் குந்தி, ஒன்றும் வராமல் முனகினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். சிறுநீர்ப் பாதை அடைபட்ட கடுவன் ஓரிரு நாளில் செத்துப்போகும்.


திறப்புக்காரி | 7 ஏப்ரல், காலை 7.10

டொக்டர் ஐயா, நன்றி. கழுவினேன், தடுப்பூசி அட்டை இருக்கிறது, இன்றைக்கு வைத்தியரிடமும் காட்டுகிறேன்.

மூன்றாம்_மாடி அக்கா, உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதும்போதே எனக்குக் குளிர்ந்துவிட்டது. 8.30க்கு முன்னால் பம்பலப்பிட்டியில் ஒரு லாப்ரடோரைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வருகிறேன். அது என் காற்சட்டை முழுவதும் எச்சில் பூசித்தான் அனுப்பும். கதவைத் திறந்ததும் முதல் வேலை, கட்டிலுக்குக் கீழே பார்ப்பது. ஏன் என்றால் அன்ரிக்கு நாள்தோறும் மாசியின் படம் ஒன்று அனுப்ப வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.


மூன்றாம்_மாடி | 7 ஏப்ரல், காலை 7.45

அதுதான். நாய் மணக்க மணக்க ஓர் ஆள் வருகிறார், நேரே ஒளிவிடத்துக்கு வருகிறார், முகத்துக்கு வெளிச்சம் அடிக்கிறார், ஒரு ‘கிளிக்’ சத்தம், போய்விடுகிறார். மாசியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த நான்கு நாளும் நீங்கள் செய்தது வேட்டை.

உங்களால் முடிந்தால் ஒழுங்கை மாற்றுங்கள்: மாசி முதலில், லாப்ரடோர் பிறகு. முடியாவிட்டால் பையில் ஒரு மாற்றுச் சட்டை வைத்துக்கொள்ளுங்கள், கையை வாசனையில்லாத சவர்க்காரத்தால் கழுவுங்கள். அன்ரி கடைசியாக உடுத்த வீட்டுச் சட்டை ஏதாவது துவைக்காமல் கிடந்தால் அதைத் தொடாதீர்கள், கட்டிலோரம் கிடக்கட்டும். தரையைப் பினாயில் வகைக் கிருமிநாசினியால் துடைக்கவே வேண்டாம். அது பூனைக்கு நஞ்சு என்பது ஒரு பக்கம். தன் கன்னத்தை உரசி உரசி வைத்த அடையாளங்கள் எல்லாம் போய், சொந்த வீடே அதற்கு அந்நியமாகிவிடும்.

இன்னொன்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தெருவில் மாலையில், பாண் விற்கிற சூன் பாண் ஆட்டோ பீத்தோவன் மெட்டை அலறவிட்டுக்கொண்டு வரும். நமக்குக் கேட்கிற ஒலியைப்போல மூன்று மடங்கு உயர்ந்த சுருதிவரை பூனைக்குக் காது கேட்கும். அதற்கு அந்த இரைச்சல் எப்படி இருக்கும்? கரையோர ரயில் வேறு. ஆனாலும் மாசி அவற்றுக்குப் பயப்படுவதாக அன்ரி சொன்னாரா? சொல்லியிருக்கமாட்டார். ஒவ்வொரு நாளும் அதே மெட்டு, அதே நேரம், வந்த வழியே போய்விடும், வீட்டுக்குள் கை நீட்டாது. நீங்களும் சூன் பாண் ஆகுங்கள். கதவைத் திறக்குமுன் ஒரே சொல்லைச் சொல்லுங்கள், ஒரே வரிசையில் வேலையைச் செய்யுங்கள், ஒரே கதிரையில் இருங்கள். கட்டில் பக்கம் திரும்பவே வேண்டாம்.


கொட்டாஞ்சேனைக்காரன் | 7 ஏப்ரல், நண்பகல் 12.20

எல்லாம் சரி. ஆனால் காசு கொடுக்கிறவர் படம் கேட்கிறார். பூனை உயிரோடு இருக்கிறதா என்று வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? ‘கட்டில் பக்கம் போக வேண்டாம் என்று இணையத்தில் ஓர் அக்கா சொன்னார்’ என்று சொல்ல முடியுமா? அதோடு கதிரையில் சும்மா இருப்பதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? இருபது நிமிடத்துக்குத்தானே பேச்சு.


மூன்றாம்_மாடி | 7 ஏப்ரல், நண்பகல் 12.50

தம்பி கேட்டது நியாயம். இந்த வேலையில் பாதி, வீட்டுக்காரரின் பயத்தைப் பராமரிப்பது. பூனைக்குப் பயம், வீட்டுக்காரருக்கும் பயம், நடுவில் நாம். படத்துக்காக நாம் குனிகிற ஒவ்வொரு முறையும் ஒருவருடைய பயத்தை எடுத்து மற்றவர் தலையில் போடுகிறோம்.

நான் செய்வது இது: பூனையின் படத்துக்குப் பதிலாகத் தட்டின் படம். சமையல் தராசில் உணவை நிறுத்து வைத்து, அடுத்த முறை மிச்சத்தை நிறுத்து, இரண்டையும் படமெடுத்து அனுப்புவேன். மண்தட்டில் இருந்த கட்டிகளின் எண்ணிக்கையையும் எழுதுவேன். பூனை படமெடுக்கிற தூரத்துக்குத் தானாக வந்தால் அது மேலதிகம். இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை, காரணம் சொன்னால். காரணம் சொல்லாமல் படத்தை நிறுத்தினால்தான் சந்தேகம் வரும். கதிரையில் இருக்கிற நேரத்துக்குக் காசு கேட்பதா என்றால், நான் கேட்கிறேன். 45 நிமிட வருகை என்று தனியாக ஒரு கட்டணம் வைத்திருக்கிறேன். கூச்சப்பட்டால் இந்தத் தொழிலில் பூனைதான் கூச்சப்பட வேண்டும்.


தெஹிவளை_மாமி | 7 ஏப்ரல், பிற்பகல் 3.30

இவ்வளவு விஞ்ஞானம் எதற்குப் பிள்ளைகளே. ஒரு கிண்ணம் இளஞ்சூட்டுப் பால், ‘பூஸ் பூஸ்’ என்று ஒரு கூப்பிடல். எங்கள் வீட்டு மதிலில் ஏறாத பூனையே இல்லை.


பேராதனைப்பழசு | 7 ஏப்ரல், மாலை 4.10

மாமி, உங்கள் மதிலுக்கு வருகிறவை பாலுக்கு வயிறு பழகியவை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வயிற்றோட்டம் கண்டால் இந்தப் பிள்ளை பயத்தாலா பாலாலா என்று தெரியாமல் திண்டாடும். டின் மீனும் வேண்டாம், உப்பு அதிகம். சூடை மீன் இரண்டை உப்பும் மஞ்சளும் போடாமல் அவித்து, முள்ளை எடுத்துவிட்டு, இளஞ்சூடாக வைக்கட்டும். சூடாக இருந்தால் மணம் கட்டிலுக்குக் கீழேயும் போகும். வேறு எந்த உணவையும் மாற்ற வேண்டாம்.

காய்ச்சல்போலத் தெரிகிறது என்று யாரும் பனடோல் உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பரசிற்றமோல் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். என் காலத்தில் அன்பால் செத்த பூனைகளில் அதிகமானவை அப்படிச் செத்தவைதான்.


தெஹிவளை_மாமி | 7 ஏப்ரல், மாலை 4.25

சரி டொக்டர், பாலை நானே குடிக்கிறேன். ஆனால் இதை எழுதிக்கொள்ளுங்கள்: உணவுத் தட்டைத் தண்ணீர் ஊற்றிய பெரிய தட்டின் நடுவில் வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் தராசில் நிறுப்பது பூனை உண்டதையா, எறும்பு சுமந்ததையா என்று ஒருவருக்கும் தெரியாது.


திறப்புக்காரி | 10 ஏப்ரல், இரவு 8.50

மாமிக்குக் கோடி புண்ணியம். 7ஆம் திகதி இரவு 55 கிராம் வைத்தேன், காலையில் 20 கிராம்தான் மிச்சம். மகிழ்ச்சியோடு அன்ரிக்குப் படம் அனுப்பிவிட்டுப் பார்த்தால், தட்டிலிருந்து குசினிச் சுவர்வரை எறும்பு ஊர்வலம். தண்ணீர்த் தட்டு வைத்த பிறகு வந்த கணக்கு 31 கிராம் மிச்சம். அதுதான் உண்மை. கட்டிகள் நாளுக்கு இரண்டு. டொக்டர் ஐயாவுக்கு இது போதுமா?

அன்ரியுடன் பேசினேன். முதலில் குரல் உடைந்துவிட்டது. ‘அப்படியென்றால் என் மாசியைப் பார்க்கவே முடியாதா’ என்றார். கமராவில் பேசுவதை நிறுத்தச் சொல்வதுதான் அதைவிடக் கடினமாக இருந்தது. ‘உங்கள் குரல் வருகிறது, உங்கள் மணம் வரவில்லை, தேடித் தேடிப் பார்த்துவிட்டு ஒடுங்கிப் போகிறது’ என்று சொன்னேன். சரியோ பிழையோ, அதைக் கேட்டதும் ஒப்புக்கொண்டார். இப்போது தராசுப் படத்துக்கு அங்கிருந்து மதிப்பெண் போடுகிறார்.

லாப்ரடோரைக் காலை 9.30க்கு மாற்றிவிட்டேன். கதவில் ‘மாசி, நான்தான்’ என்று சொல்லி நுழைகிறேன். சோறு, தண்ணீர், மண், பிறகு அறை வாசலில் ஒரு கதிரை. சும்மா இருக்க முடியாமல் பாடக்குறிப்பை எடுத்து மெதுவாக வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினேன். இந்தக் கிழமை தேசவழமைச் சட்டம், யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து வழக்காறுகள். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்ததைப் பூனைக்கு வாசித்துக் காட்டுகிற முதல் மாணவி நானாகத்தான் இருப்பேன். முதுசம், சீதனம் எல்லாம் முடித்து நேற்று மாலை ‘தேடிய தேட்டம்’ (திருமணத்துக்குப் பின் தேடிய சொத்து) பகுதிக்கு வந்தபோது, கட்டில் விரிப்புக்குக் கீழே இரண்டு முன்பாதங்கள் தெரிந்தன. மூச்சை அடக்கிக்கொண்டு அதே பத்தியை மூன்று தடவை வாசித்தேன்.


மூன்றாம்_மாடி | 10 ஏப்ரல், இரவு 9.15

பாதம் தெரிந்தால் பாதி வழி. அடுத்ததாக முகம் தெரியும். அப்போது உற்றுப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் திரும்பி இருங்கள், கண் பட்டுவிட்டால் இமையை மெதுவாக, சோம்பலாக மூடித் திறந்து, பார்வையை எடுத்துவிடுங்கள்.

‘பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம்’ என்று நாம் கேலி செய்கிறோம். மற்றவர் முன்னால் கண்ணை மூட அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைப்பதில்லை. 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் மெதுவாக இமைத்துக் காட்டிய பிறகு கையை நீட்டினால், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் நீட்டியபோது வந்ததைவிட, பூனைகள் அந்தக் கையை அதிகம் நாடி வந்தன.


கொட்டாஞ்சேனைக்காரன் | 11 ஏப்ரல், காலை 9.00

நான் துவாயை மடித்து வைத்துவிட்டேன், சரியா. ஆனால் ஒரு கேள்வி விடாது. நாளைக்கே அந்தத் தொடர்மாடியில் தீப் பிடித்தால்? பூனைக்கு வருத்தம் வந்து வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டியிருந்தால்? அப்போதும் கதிரையில் இருந்து தேசவழமை வாசிப்பீர்களா?


பேராதனைப்பழசு | 11 ஏப்ரல், காலை 10.40

இந்த முறை தம்பி சொல்வது முழுக்கச் சரி. பிடிக்கத் தெரியாத பூனையை மூன்று கிழமைக்குப் பொறுப்பெடுப்பது ஆபத்து. வைத்தியரிடம் கொண்டுபோகிற கூட்டைப் பலர் அலுமாரிக்கு மேல் வைப்பார்கள். அது கீழே இறங்கினாலே ஊசி என்று பூனைக்குத் தெரியும். இன்றைக்கே அதை இறக்கி, கதவைக் கழற்றி, உள்ளே அன்ரியின் பழைய துணியை விரித்து, அறையின் ஒரு மூலையில் வீட்டுச் சாமான்போல விட்டுவிடுங்கள். நாலைந்து நாள் கழித்து மீனை அதன் வாசலில் வையுங்கள், பிறகு உள்ளே. அவசரம் வந்தால் துரத்தப்பட்ட பூனை தானாக அதற்குள் ஓடுவதற்கு வாய்ப்பிருக்கிறது. வழமையான வைத்தியரின் இலக்கத்தை அன்ரியிடம் இப்போதே கேளுங்கள். வைத்தியசாலைக்குப் போகும் பயத்தைத் தணிக்க மருந்தும் உண்டு. ஆனால் அதைப் பார்க்கிற வைத்தியர்தான் அளவு சொல்ல வேண்டும், நான் இங்கே எழுதமாட்டேன்.


மூன்றாம்_மாடி | 12 ஏப்ரல், இரவு 7.30

திறப்புக்காரி, புத்தாண்டை மறந்துவிடாதீர்கள். வேறு எந்த நாட்டில் வெடி எந்த நிமிடத்தில் வெடிக்கும் என்று முன்கூட்டியே அச்சடித்துக் கொடுக்கிறார்கள்? சுபநேரப் பட்டியலைப் பத்திரிகையிலிருந்து வெட்டிக் கையில் வையுங்கள். வருடம் பிறக்கிற நேரம், அடுப்பு மூட்டுகிற நேரம், கைவிசேட நேரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சரம் நிச்சயம். அதற்கு அரை மணிக்கு முன்பே பல்கணிக் கதவையும் யன்னல்களையும் சாத்தி, திரையை இழுத்து, மின்விசிறியைக் கூட்டி வையுங்கள். தலைவாசலைத் திறக்கிற எண்ணமே வேண்டாம். கொழும்பில் பூனை தொலைகிற நாள் அதுதான்.


திறப்புக்காரி | 15 ஏப்ரல், இரவு 10.20

எல்லாம் செய்தேன். பட்டியலையும் வெட்டி வைத்தேன். ஆனால் நாலாம் மாடிப் பையன்கள் எந்த சோதிடரையும் கேட்கவில்லை. சுபநேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்பே படிக்கட்டில் ஒரு சரத்தைக் கொளுத்திவிட்டார்கள்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. 12ஆம் திகதி மாசி வெளியே வந்து கட்டில் காலடியில் முழுதாக உட்கார்ந்தது. 13ஆம் திகதி நான் இருக்கும்போதே நான்கு வாய் மீன் உண்டது, நான் அழுதேன். வெடிச் சத்தத்தோடு எல்லாம் போயிற்று. கட்டிலுக்குக் கீழேகூட இல்லை. ஒரு மணி நேரம் வீடு முழுவதும் தேடிவிட்டு, பல்கணிக் கதவு திறந்திருந்ததா என்று என் மூளையையே சந்தேகப்பட்டேன். கடைசியில் குசினியில் சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில், நான்கு விரல் அகலம் உள்ள இடுக்கில் இரண்டு கண்கள். கை துடித்தது, இழுத்து எடுக்க. எடுக்கவில்லை. மின்செருகியைக் கழற்றிவிட்டு, தண்ணீரையும் உணவையும் குசினிக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனேன். இன்றைக்கு உணவு 9 கிராம்தான் குறைந்திருக்கிறது. திரும்பவும் முதலிலிருந்தா?


பேராதனைப்பழசு | 15 ஏப்ரல், இரவு 10.45

முதலிலிருந்து அல்ல பிள்ளை. பயந்த பூனை இரண்டு படி கீழே இறங்கும்; ஏறின படி அதற்கு ஞாபகம் இருக்கும். மின்செருகியைக் கழற்றியது நல்ல புத்தி. நாளைக் காலையும் 10 கிராமுக்குக் கீழேயே நின்றால் வைத்தியரைக் கூப்பிடுங்கள், நாளை மறுநாளுக்குத் தள்ள வேண்டாம். கதிரையைக் குசினி வாசலுக்கு மாற்றுங்கள். அதே சொல், அதே வாசிப்பு.


கொட்டாஞ்சேனைக்காரன் | 15 ஏப்ரல், இரவு 11.30

நீங்கள் இழுத்து எடுக்காததை வாசித்ததும் ஒன்றை எழுதத் தோன்றியது. ‘எல்லாப் பூனைகளையும் வழிக்குக் கொண்டுவந்தோம்’ என்று முதலில் எழுதினேன் அல்லவா? ஒன்று வரவில்லை. இதேபோல ஒரு புத்தாண்டில் அலுமாரிக்குப் பின்னால் போனதைப் பின்னங்காலைப் பிடித்து இழுத்தேன். அதன் பிறகு மூன்று வருடம் எங்கள் கூரையில் இருந்தது. அம்மா வைத்தால் உண்ணும். நான் முற்றத்துக்கு வந்தால் எழுந்து போய்விடும். அவ்வளவுதான்.


திறப்புக்காரி | 21 ஏப்ரல், இரவு 9.05

16ஆம் திகதி காலை 24 கிராம் குறைந்திருந்தது. வைத்தியரைக் கூப்பிடவில்லை. 17ஆம் திகதி குசினி இடுக்கிலிருந்து கூட்டுக்குள் இடம் மாறியது, நான் இல்லாத நேரத்தில். கூட்டுக்குள் தூங்கிய குழி துணியில் தெரிந்தது. அண்ணா, உங்கள் தீயணைப்புக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

விளையாட்டுச் சாமான் கடையில் பூனைத் தூண்டில் ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, விளக்குமாற்றிலிருந்து நீளமான ஈர்க்கு ஒன்றை உருவி, நுனியில் பழைய சட்டை நாடாவைக் கட்டினேன். முகத்துக்கு நேரே ஆட்டாமல் கதிரைக்குப் பின்னால், தரையில் ஓடி ஒளிகிற எலிபோல இழுத்தேன். முதல் நாள் கண் மட்டும் அசைந்தது. இரண்டாம் நாள் பின்புறம் ஆடியது. பாய்வதற்கு முன்னால் ஆடுமே, அந்த ஆட்டம். மூன்றாம் நாள் பாய்ந்து நாடாவைப் பறித்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே ஓடிவிட்டது. நாடாவை விழுங்கிவிடுமோ என்று பயந்து, மீனைக் காட்டி மாற்றி எடுத்தேன். இப்போது விளையாட்டு முடிந்ததும் ஈர்க்கை அலுமாரிக்குள் பூட்டிவிடுகிறேன்.


மூன்றாம்_மாடி | 21 ஏப்ரல், இரவு 9.20

பூட்டுவது மிகச் சரி. நூலும் நாடாவும் குடலுக்குள் போனால் அறுவைச் சிகிச்சைதான். தொட்டுப் பார்த்தீர்களா?


திறப்புக்காரி | 21 ஏப்ரல், இரவு 9.30

இல்லை. சுட்டுவிரலை அதன் மூக்கு உயரத்தில் நீட்டி வைத்தேன். ஒரு சாண் தூரத்தில் நின்று மணந்து பார்த்தது, போய்விட்டது.


திறப்புக்காரி | 29 ஏப்ரல், காலை 8.15

அன்ரி 27ஆம் திகதி இரவு வந்து சேர்ந்தார். நான் திறப்பைக் கொடுக்க அங்கே நின்றேன். கடைசி நாட்களில் மாசி என் கதிரைக்கு ஒன்றரை முழ தூரத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரும். ஒரே ஒரு தடவை விரல் நுனியில் கன்னத்தை உரசியது. அரைக் கணம் இருக்கும். படம் எடுக்கவில்லை.

அன்ரி இரண்டு பெரிய பெட்டிகளோடும் விமான மணத்தோடும் உள்ளே வந்து ‘மாசி!’ என்று கத்திக் கையை விரித்தார். பூனை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. அன்ரியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குளித்துவிட்டுப் பழைய வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாருங்கள், அதுவரைக்கும் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரவு 11 மணிக்குத் தொலைபேசி அடித்தது. குளித்தாயிற்று, சட்டை மாற்றியாயிற்று, கதிரையிலும் உட்கார்ந்தாயிற்று, இன்னும் வரவில்லையாம். ‘பிள்ளை, நீ எந்தப் பக்கத்திலிருந்து வாசித்தாய்?’ என்று கேட்டார். குறிப்பைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அரை மணி கழித்துப் பதில் வந்தது: ‘தேடிய தேட்டத்துக்கு வந்துவிட்டேன். பாதம் தெரிகிறது.’


தெஹிவளை_மாமி | 29 ஏப்ரல், காலை 8.40

அந்தக் குறிப்பை எனக்கும் அனுப்புங்கள். எங்கள் பின்வளவில் புதிதாக ஒரு கறுப்புப் பூனை வந்து மூன்று நாளாகக் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் நிற்கிறது. பால் வைக்கவில்லை, டொக்டர்.